போத்தலுக்கு முத்திரை, முட்டிக்கு வழக்கு

சென்ற மாதம் ஒரே கிழமையில் இரண்டு போத்தல்கள் என் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தன. இரண்டிலும் நுரை இருந்தது. இரண்டையும் செய்தது ஒரே நுண்ணுயிர். ஆயினும் ஒன்று விமானத்தில் ஏறி, சுங்கப் பகுதியைத் தலைநிமிர்ந்து கடந்து வந்தது. மற்றது சாக்குப்பையினுள் ஒளிந்து, ஒற்றையடிப் பாதை வழியே, இருட்டிய பிறகு வந்தது. அவ்விரு போத்தல்களுக்கும் இடையிலான தூரத்தைப் பற்றியே இப்பதிவு. மது என்ற சொல்லைக் கண்டவுடன் முகஞ்சுளிக்கும் வாசகர்கள் இறுதிவரை பொறுத்திருந்து படித்துவிட்டுத் திட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதற்போத்தலைக் கொண்டு வந்தவர் என் பழைய பத்திரிகைத் தோழர். யாழ்ப்பாணத்தவர். கொழும்பில் நான் பயிலுநர் செய்தியாளனாகச் சேர்ந்த காலத்தில் ஒப்புநோக்கும் பகுதியில் இருந்து என் ஒற்றுப்பிழைகளை ஈவிரக்கமின்றிச் சிவப்பு மையால் அடித்தவர். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாட்டை விட்டுப் போய், இன்று இத்தாலியின் பலெர்மோ நகரில் பேரப்பிள்ளைகளோடு வாழ்கிறார். ஊர் வந்தவர், கண்டியிலிருந்து மகியங்கனை போகும் பேருந்தில் ஏறி, ஹுன்னஸ்கிரியச் சந்தியில் இறங்கி, என்னைத் தேடி வந்துவிட்டார். "தம்பி, நீர் குடிக்கிறனீரோ இல்லையோ தெரியாது. ஆனா இதிலை ஒட்டியிருக்கிற கடதாசியை ஒருக்கால் வாசியும்" என்று சொல்லித்தான் போத்தலை நீட்டினார். ஒப்புநோக்குநரின் புத்தி எங்கே போகும்!

வாசித்தேன். பிரான்சாகோர்த்தா என்று பெயர். வட இத்தாலியில், பிரேஷா நகருக்கும் இசெயோ ஏரிக்கும் இடைப்பட்ட சிறு குன்றுப் பிரதேசம் அது. போத்தலின் கழுத்தைச் சுற்றி இலக்கமிட்ட ஒரு தாள் நாடா. அது இத்தாலிய அரசின் முத்திரை.

இரண்டாவது போத்தல் எங்கள் பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவருடையது. சிங்களவர், எழுபதைத் தொட்டவர், கித்துள் சீவுபவர். தோட்டத்து லயங்களோடு பிறந்ததிலிருந்தே பழகியதால் நம்மிற் பலரைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். என்னைப் 'பத்தர மாத்தயா' என்று அழைப்பார். பத்திரிகைக்கார ஐயா என்று பொருள். அந்தக் கிழமை சீருடை அணிந்த மூவர் அவர் வீட்டுக்குள் நுழைந்து, பாணி காய்ச்ச வைத்திருந்த சாற்றில் புளித்துப்போன பகுதியையும் முட்டிகளையும் சான்றுப் பொருள்களாக எடுத்துச் சென்றுவிட்டார்கள். உரிமமின்றிக் கள் வைத்திருந்தார் என்பது குற்றம். அவர்கள் கண்ணிற் படாமல் தப்பிய ஒரு போத்தலைத்தான் வழக்குக்கு யோசனை கேட்க வந்தபோது கொண்டு வந்தார். இதை எழுதுவதால் நானும் எதிரிக்கூண்டில் ஏற வேண்டியிருக்கலாம். போத்தல் காலியாகிவிட்டது என்பதை உரியவர்களுக்குப் பணிவுடன் அறிவித்துக்கொள்கிறேன்.

இனி, அந்த இத்தாலியப் போத்தலின் கதைக்கு வருவோம். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குக் கோபமே வந்தது.

பிரான்சாகோர்த்தா பல நூற்றாண்டுப் பெருமை கொண்ட நுரை வைன் பிரதேசம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரேஷா நகரத்து வைத்தியர் ஜெரோலமோ கொன்போர்த்தி என்பவர் 1570 ஆம் ஆண்டிலேயே 'கடிக்கும் வைன்' பற்றி இலத்தீனில் ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார் என்பது உண்மை. நாக்கைக் கடிக்கும் நுரையைத்தான் அவர் அப்படிச் சொன்னார். ஆனால் அதன்பின் நெடுங்காலம் அது சாதாரணக் குடியானவர் நிலம். ஊருக்குள் குடித்துத் தீர்க்கும் சாதாரண வைன். 1955 இல் போர்கொனாத்தோ என்ற சிற்றூரில் குய்தோ பெர்லுக்கி என்ற பிரபு, தம் நிலத்து வெள்ளை வைன் நிலைத்து நிற்காமல் கெட்டுப்போவதைச் சரிசெய்ய ஃபிராங்கோ சிலியானி என்ற இளம் வைன் நுட்பவியலாளரை அழைத்தார். கெடுவதைத் திருத்த வந்த இளைஞர், பிரெஞ்சுக்காரர் செய்வதுபோல் இதை ஏன் நுரைக்க வைக்கக் கூடாது என்று கேட்டார்.

'பிரெஞ்சுக்காரர் செய்வதுபோல்' என்பதைச் சற்று விளக்க வேண்டும். திராட்சைச் சாறு ஒருமுறை நொதித்து வைனாகிறது. அதைப் போத்தலில் ஊற்றி, அளந்த சர்க்கரையும், நம் பாடநூல்கள் மதுவம் என்று சொல்லும் ஈஸ்டும் சேர்த்து, இறுக மூடிவிடுகிறார்கள். போத்தலுக்குள்ளேயே அது இரண்டாம் முறை நொதிக்கிறது. எழும் வாயு வெளியேற வழியின்றி வைனிலேயே கரைகிறது. உள்ளே ஐந்து, ஆறு வளிமண்டல அமுக்கம். மோட்டார் வண்டிச் சக்கரத்தில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மாண்டுபோன ஈஸ்ட் அடியிற் படிந்து கிடக்க, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பின்னர் போத்தலைத் தலைகீழாகச் சாய்த்துச் சிறுகச் சிறுகத் திருப்பி, மண்டியைக் கழுத்துக்கு இறக்கி, கழுத்தை உறையவைத்துத் திறந்தால் மண்டி கட்டியாகத் தெறித்து வெளியேறும். குறைந்ததை நிரப்பித் தக்கையிட்டால் வேலை முடிந்தது. இதையே தொட்டியில் செய்து விரைவாகப் போத்தலில் அடைக்கும் மலிவு வழியும் உண்டு. உலகெங்கும் கடைகளில் குவிந்திருக்கும் புரொசெக்கோ பெரும்பாலும் அவ்வழியில் வருவது. பிரான்சாகோர்த்தாக்காரர் அந்தக் குறுக்கு வழியில் போகவில்லை.

சிலியானியின் முதல் முயற்சிகள் தோற்றன. போத்தல்கள் வெடித்தன. வைன் கெட்டது. 1961 ஆம் ஆண்டு அறுவடையில்தான் 3000 போத்தல்கள் உருப்படியாக வந்தன. கவனியுங்கள்: மூவாயிரம். கண்டியின் பெரிய கல்யாண மண்டபம் ஒன்றில் சில முகூர்த்தங்களுக்குப் பரிமாறும் சோடாப் போத்தல்களின் எண்ணிக்கை. இன்று அந்தப் பிரதேசத்திலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு கோடிப் போத்தல்கள் வெளியேறுகின்றன. சிலியானி 2021 இறுதியில் தொண்ணூறு வயதில் காலமானார்.

இந்த வளர்ச்சியில் மனிதரின் முயற்சிக்கு நிகராகச் சட்டத்துக்கும் பங்குண்டு. 1967 இல் அரசு அப்பிரதேசத்தின் பெயரை வைன் பெயராக ஏற்று வரம்பு கட்டியது. 1990 இல் உற்பத்தியாளர் கூடிச் சங்கம் அமைத்தனர். 1995 இல் இத்தாலிய வைன் சட்டத்தின் மிக உயர்ந்த தரவரிசை கிடைத்தது. எந்தத் திராட்சை, எந்தக் குன்று, கையால் மட்டுமே பறித்தல், சாதாரண வகை ஈஸ்டோடு கிடக்க வேண்டிய காலம் குறைந்தது 18 மாதம், ஆண்டு குறித்த வகைக்கு 30 மாதம், உயர் வகைக்கு 60 மாதம் என்று எல்லாம் எழுதி வைக்கப்பட்டன. சோதித்து, சுவைத்துப் பார்த்த பின்பே அரச முத்திரை கழுத்தில் ஏறும். பிரெஞ்சு ஷாம்பெயின்காரர், தங்கள் ஊர்ப் பெயர் தழுவிய செய்முறைப் பெயரை வேறெவரும் எழுதக் கூடாது என்று ஐரோப்பியச் சட்டத்தின் வழியே தடுத்தார்கள். 1994 இல் ஐரோப்பிய நீதிமன்றமும் அத்தடையை உறுதி செய்தது. இத்தாலியர் 'பழமுறை' என்று தமக்கொரு சொல்லை வைத்துக்கொண்டு, தம் ஊர்ப் பெயரையே முன்னால் நிறுத்தினர்.

இங்கே ஒரு வேடிக்கை. பிரான்சாகோர்த்தா என்ற பெயருக்குச் சொல்லப்படும் மூலப்பொருள் 'வரி விலக்குப் பெற்ற முற்றங்கள்' என்பது. இடைக்காலத்தில் அங்கிருந்த துறவி மடங்களுக்கு வரி கிடையாது. வரியில்லா முற்றம் என்ற பெயரில் ஒரு பானம் உலகை வலம் வருகிறது. நம் நாட்டில் பானத்தைப் பற்றிய சட்டத்தின் பெயரே மதுவரிச் சட்டம்! நாம் பானத்தை நினைக்கும்போதே வரியைத்தான் நினைக்கிறோம். அதற்கு வேறொரு முகம் இருக்கக்கூடும் என்ற எண்ணமே நம் ஆட்சியாளருக்கு என்றும் உதித்ததில்லை.

1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் வெள்ளைக்காரன் திறைசேரிக்காகச் செய்தது. அதற்கு முந்திய காலம் முழுவதும் சாராயக் குத்தகைக் காலம். குத்தகை எடுத்துப் பணம் குவித்த உள்ளூர்க் குடும்பங்கள் தோட்ட முதலாளிகளாகவும், பின்னர் அரசியற் குடும்பங்களாகவும் வளர்ந்த கதையை வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1912 இன் சட்டம் கள்ளையும் சாராயத்தையும் தனித்தனித் தவறணைகளாகப் பிரித்து, ஊரூராகக் கள்ளுத் தவறணை திறக்க வழிசெய்தபோது மதுவொழிப்பு இயக்கம் கிளர்ந்தது. சேனாநாயக்க சகோதரர்கள், டி. பி. ஜயதிலக்க முதலானோர் அரசியலுக்குள் வந்த வாசல்களில் அதுவும் ஒன்று. அவர்கள் எதிர்த்தது சரி. ஆனால் ஆட்சி அவர்கள் கைக்கு வந்த பிறகு அந்தச் சட்டத்தை என்ன செய்தார்கள்? வைத்துக்கொண்டார்கள். ஒரு நூற்றாண்டைத் தாண்டியும் அதுவே, எண்ணற்ற திருத்தங்களோடு, நம்மை ஆள்கிறது. பாணிக்காக இறக்கும் இனிப்புச் சாற்றுக்கு அவ்வப்போது சலுகைகள் வந்தன என்பதை மறுக்கவில்லை. ஆனால் அடித்தளம் மாறவில்லை: மரம் உன்னுடையது, பாளை உன்னுடையது, கத்தி உன்னுடையது; அதிலிருந்து சொட்டுவது புளித்துவிட்டால் மட்டும் அரசாங்கத்தினுடையது.

கித்துளைப் பற்றித் தெரியாத வாசகர்களுக்குச் சில வரிகள். தமிழில் இதைக் கூந்தற்பனை என்பார்கள். பூங்குலை கூந்தல்போல் தொங்குவதால் வந்த அழகான பெயர். நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில், எங்கள் ஹுன்னஸ்கிரியவிலிருந்து லூல்வத்தை வழியாக மீமுரே வரைக்கும், வீட்டுத் தோட்டங்களிலும் காட்டோரத்திலும் வளர்கிறது. மரம் முதிர்ந்த பிறகு உச்சியிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு குலையாகப் பூத்து, கடைசிக் குலையோடு உயிர் விடும். அந்தக் குலையைப் பூக்கவிடாமல் கட்டி, அடியில் சிறு வெட்டிட்டு மருந்து வைத்து, சில நாள் பொறுத்து, பின் காலையும் மாலையும் நுனியை மெல்லிதாகச் சீவி முட்டி கட்டுவார்கள். அந்த மருந்தின் கலவை குடும்பத்துக்குக் குடும்பம் வேறு. தகப்பன் மகனுக்கு மட்டும் சொல்வது. சாறு விரைந்து புளிக்காதிருக்க 'ஹல்' மரப்பட்டையை முட்டிக்குள் இடுவதும் உண்டு. தவறி விழுந்தவன் பிழைப்பது அரிது.

அந்தச் சாறு இறக்கும்போது தேன். சில மணி நேரத்தில் காற்றிலும் முட்டியிலும் உள்ள ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். நுரை பொங்கும். அப்போது அதில் உள்ள மதுசாரம் சுமார் 4 முதல் 6 வீதம். மறுநாள் புளிப்பேறும், அதற்கும் பிறகு காடி. சர்க்கரை சேர்க்காமல், போத்தலை உருட்டாமல், மரத்திலேயே நுரைக்கும் வைன் இது. பிரேஷா வைத்தியர் எழுதிய அதே 'கடி' இதிலும் உண்டு. சிலியானியின் முன்னால் இருந்ததும் இதே சிக்கல்தான்: நிலைத்து நிற்காத, நாளைக்குக் கெட்டுப்போகும் உள்ளூர்ப் பானம். அங்கே அதற்கு ஒரு நுட்பவியலாளரை அழைத்தார்கள். இங்கே சீருடைக்காரரை அனுப்புகிறோம்.

இப்போது, எனக்கு வரப்போகும் கண்டனங்களை நானே முன்வைத்துவிடுகிறேன். மலையகத்தில் பிறந்த ஒருவன் மதுவுக்கு வக்காலத்து வாங்கலாமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். என் தகப்பனார் தோட்டத் தொழிலாளி. சம்பள நாளன்று அம்மா எங்களைத் தவறணைக்குப் போகும் வளைவில் நிறுத்தி வைப்பார். தகப்பனாரின் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வருவது எங்கள் பொறுப்பு. இழுக்க முடியாத மாதங்களில் கடைக்காரரின் கொப்பியில் பெயர் ஏறும். என் சித்தப்பா ஒருவர் கசிப்பினால் பார்வை குன்றி, ஈரல் கெட்டு, நாற்பது வயதுக்குள் போய்ச் சேர்ந்தார். ஆகவே மதுவின் கொடுமையை எனக்கு எவரும் புள்ளிவிவரத்தோடு விளக்கத் தேவையில்லை.

ஆனால் என் தகப்பனாரைக் குடித்தது எது? 33 வீதத்துக்கும் மேற்பட்ட மதுசாரம் கொண்ட, அரசாங்க உரிமம் பெற்ற, வரி முழுதும் கட்டிய சாராயம். சித்தப்பாவைக் கொன்றது, சாராயம் வாங்கக் காசில்லாதவனுக்கென்று காட்டுக்குள் காய்ச்சிய கசிப்பு. கித்துள் மரத்துக் கள் அந்தக் குற்றப்பத்திரத்தில் எங்குமே இல்லை. சட்டம் யாரைத் துரத்தியது, யாருக்குக் கடை வைத்துக் கொடுத்தது என்பதைப் பாருங்கள். பலவீனமான பானத்தைத் தடுத்தால் குடிப்பவன் குடியை விட்டுவிடுவான் என்பது சட்டம் எழுதியவரின் கற்பனை. அவன் அதைவிடக் கடுமையான பானத்துக்குப் போகிறான். அதில்தான் திறைசேரிக்கு வருமானமும் அதிகம். இது தற்செயல் என்று நம்ப என் முப்பதாண்டுப் பத்திரிகை வாழ்க்கை இடந்தரவில்லை.

இரண்டாவது கண்டனம், கள்ளில் கலப்படம் செய்கிறார்களே என்பது. செய்கிறார்கள். இலங்கையில் செயற்கைக் கள் பற்றி நாங்கள் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டோம். பாணியில் சீனி கலப்பதும் ஊரறிந்தது. ஆனால் கலப்படத்துக்கு மருந்து என்ன என்பதில்தான் இத்தாலியிடம் நாம் பாடம் கேட்க வேண்டும்.

1986 மார்ச் மாதம் வட இத்தாலியில் மலிவு வைனில் மதுசார வீதத்தை உயர்த்திக் காட்ட மெதனோல் கலந்து விற்றார்கள். 20 பேருக்கும் மேல் மாண்டனர். பலர் கண் பார்வையை இழந்தனர். பிற நாடுகள் இத்தாலிய வைனைத் திருப்பி அனுப்பின, ஏற்றுமதி சரிந்தது. வைன் என்ற சொல்லே ஒரு தேசத்துக்கு அவமானமாகிப் போன நாள்கள் அவை. இத்தாலி என்ன செய்தது? வைனைத் தடை செய்யவில்லை. குற்றவாளிகளைச் சிறைக்கு அனுப்பியது. அந்த ஆண்டிலேயே உணவு மோசடியை ஒடுக்க மத்திய பரிசோதனை அமைப்பை நிறுவியது. 1992 இல் வைன் பெயர்ச் சட்டத்தைத் திருத்தி இறுக்கியது. எந்த நிலத்தில் விளைந்தது, யார் செய்தது என்பதைப் போத்தலிலிருந்து பின்னோக்கித் தேடிச் செல்லும் ஒழுங்கை வலுப்படுத்தியது. பிரான்சாகோர்த்தாவின் 1995 தரவரிசை அந்தச் சாம்பலிலிருந்து எழுந்த ஒழுங்கின் ஒரு பகுதி.

அதே 1986 முடிந்து மறு ஆண்டு பிறந்த அன்று, 1987 ஜனவரி 1 இல், தமிழ்நாட்டில் எம். ஜி. ஆர். அரசு கள்ளைத் தடை செய்தது. நாட்டுச் சாராயமும் அதோடு போயிற்று, போகட்டும். கள்ளில் கலப்படம் என்பது அன்றிலிருந்து இன்றுவரை சொல்லப்படும் காரணங்களில் முதன்மையானது. ஆனால் இந்தியாவில் தயாராகும் 'அந்நிய' மதுவகைகள் தொடர்ந்தன. அவற்றின் சில்லறை விற்பனையை 2003 இல் டாஸ்மாக் மூலம் அரசே ஏற்றுக்கொண்டது. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மரமாகிய பனையில் ஏறிக் கள் இறக்கினால் வழக்கு. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியிலும் மெதனோல் கலந்த சாராயத்துக்கு ஏழைகள் பலியானார்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கும் மேல். கள்ளைத் தடுத்ததால் காப்பாற்றப்பட்டவர்கள் யார் என்று அந்த ஊரில் போய்க் கேட்கத் துணிவுள்ளவர் கேட்கட்டும்.

பெரியார் காங்கிரசில் இருந்த காலத்தில் தம் தோப்பில் இருந்த தென்னைகளையே வெட்டிச் சாய்த்தவர். அந்த உறுதியை நான் வணங்குகிறேன். தம் மரத்தைத் தாமே வெட்டியவருக்கு ஒழுக்கம் பேச உரிமை உண்டு. ஏழையின் மரத்துக்கு வழக்குப் போட்டுவிட்டுத் தன் கடையில் சாராயம் விற்கும் அரசுக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது?

இதற்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. வெளிப்படையாகச் சொன்னால் நம்மவர்க்கே கசக்கும். நாம் வெறுப்பது கள்ளை அல்ல. அதை இறக்கிய கையை. யாழ்ப்பாணத்தில் சீவல் தொழிலாளியைக் கிணற்றில் அள்ளவிடாத, தேநீர்க் கடைக்குள் நுழையவிடாத சமூகம், பின்வேலியில் நின்று அவரிடம் கள் வாங்கத் தயங்கவில்லை. சிங்களக் கிராமத்திலும் கித்துளில் ஏறியவருக்குச் சாதிப் பட்டியலில் கீழ்ப்படிதான் ஒதுக்கப்பட்டது. 'கள்ளுக்காரன்' என்பது வசை, 'வைன் நிபுணர்' என்பது பட்டம். கொழும்பின் உயர் ஹோட்டல்களில் இத்தாலிய நுரை வைனை வெள்ளைத் துணி சுற்றி ஊற்றுவதைச் செய்திக்குப் போன இடங்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதே கூடத்தில் ஒரு கித்துள் முட்டியை வைத்தால் காவலாளி ஓடி வருவார்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த இத்தாலியப் போத்தலின் மேல் பிரபுவின் பெயரோ நிறுவனத்தின் பெயரோதான் இருக்கும். திராட்சை பறித்த கூலியாளின் பெயர் எந்தப் போத்தலிலும் இல்லை. புலம்பெயர்ந்தோர் பலர் இத்தாலியத் தோட்டங்களில் அறுவடைக்குக் குனிகிறார்கள் என்று நண்பர் சொன்னார். கொழுந்து பறிக்கும் தாயின் மகனுக்கு அது விளங்காமல் போகுமா? இத்தாலி சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. தன் மண்ணின் பானத்தை மானமுள்ள தொழிலாக அது ஏற்றுக்கொண்டது என்று மட்டும் சொல்கிறேன்.

நாம் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். பனை அபிவிருத்திச் சபை 1978 இலிருந்து இருக்கிறது. வடக்கின் கூட்டுறவுச் சங்கங்கள் பனங்கள்ளைப் போத்தலில் அடைத்தன. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் வாசகர்கள் தமிழ்க் கடைகளில் அதைக் கண்டிருப்பீர்கள். கெடாதிருக்கச் சூடாக்கி அடைப்பதால் உயிர்ப்பும் நுரையின் கடியும் பெரும்பாலும் போய்விடுகின்றன என்பது குடித்தவர்களின் குறை. அதைத் தீர்க்கும் ஆராய்ச்சியை யார் செய்வது? எங்கள் ஊரிலிருந்து சில மணி நேரப் பேருந்துப் பயணத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. நான் அங்கே கலைப்பீடத்தில் படித்தவன். விவசாய பீடத்து நண்பர்கள் நெல்லையும் தேயிலையையும் ஆராய்ந்தார்கள். கித்துள் முட்டிக்குள் என்னென்ன ஈஸ்ட் இனங்கள் வாழ்கின்றன என்று அன்று எவராவது கேட்டிருந்தால் சிரித்திருப்போம். அந்தச் சிரிப்பில் என் பங்கையும் ஒப்புக்கொள்கிறேன்.

2020 இல் தென்னை, கித்துள், பனை, இறப்பர் ஆகியவற்றின் பெயர்களை அடுக்கி ஓர் இராஜாங்க அமைச்சே உருவாக்கினார்கள். பெயர்ப்பலகை நீளமாக இருந்தது. 2022 இல் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவியியற் பெயர்ப் பாதுகாப்புக் கிடைத்தது. அது நல்ல காரியம், முடியும் என்பதற்குச் சாட்சியும்கூட. நக்கிள்ஸ் மலைகளுக்குச் சிங்களத்தில் தும்பறை மலைத்தொடர் என்று பெயர். 2010 இல் அது உலக மரபுரிமைப் பட்டியலிலும் ஏறிவிட்டது. தும்பறைக் கித்துள் என்று ஒரு பெயரை வரம்பு கட்டி, பாணிக்கும் கருப்பட்டிக்கும் கள்ளுக்கும் சேர்த்துப் பதிந்தால் என்ன குடி முழுகிவிடும்? சீவுபவரைப் பதிவு செய்யுங்கள், மரத்துக்கு இலக்கமிடுங்கள், மாதிரி எடுத்துச் சோதியுங்கள், சீனி கலந்தவனைக் கூண்டில் ஏற்றுங்கள், விற்கும் வயதெல்லையையும் நேரத்தையும் கடுமையாக வையுங்கள். வடித்த சாராயத்தையும் வடிக்காத கள்ளையும் ஒரே சட்டத்தில் ஒரே கண்ணால் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள்.

இதையெல்லாம் பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் இத்தாலியப் போத்தலைக் கையில் எடுத்துக் கழுத்து நாடாவைத் தடவிப் பார்த்தார்.

"மாத்தயா, இது கவுண்மேந்து முத்திரையா?"

ஆமென்றேன்.

"நம்ம சாராயப் போத்தல்லயும் ஒட்டித்தானே இருக்கு?"

நம் ஊர்ச் சாராயப் போத்தலில் ஒட்டியிருப்பது வரி கட்டியாயிற்று என்பதற்கான சீட்டு. இது எந்த மலையில் விளைந்தது என்பதற்கும் சேர்த்து அரசாங்கம் தரும் கையெழுத்து என்று விளக்கினேன். அவருக்கு அது நம்பிக்கை தரவில்லை. "மலை எதுன்னு கேட்டா நம்மகிட்ட ஒரு மணி நேரம் நடந்தாக் காட்டிருவோம், அதுக்கு எதுக்கு முத்திரை?" என்றார். அவருடைய இரண்டு மகன்களில் ஒருவர் கட்டாரில், மற்றவர் கண்டியில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். மருந்தின் கலவையைக் கேட்டு வைத்துக்கொள்ள இருவருக்கும் நேரமில்லை. இந்த வருடம் பாளை வெடித்த நான்கு மரங்களில் இரண்டை அவர் ஏறாமலே விட்டுவிட்டார். முழங்கால் விடவில்லையாம். வழக்கு முடியும் வரைக்கும் மற்ற இரண்டிலும் ஏறுவதாக இல்லை.

வழக்கு அடுத்த மாதம் மீண்டும் எடுக்கப்படுகிறது. தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்கிறார் அவர். ஒரு சட்டத்தரணி நண்பரிடம் பேசியிருக்கிறேன் என்கிறேன் நான். முடிவை இங்கேயே எழுதுகிறேன். இதற்கிடையில், பிரேஷா, பெர்கமோ, மிலான் பக்கங்களில் வாழும் வாசகர் எவரேனும் பிரான்சாகோர்த்தா உற்பத்தியாளர் சங்கத்தின் விதிமுறைக் கோவையைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ சுருக்கி எனக்கு அனுப்பி உதவ முடியுமா? திராட்சை என்று வரும் இடங்களில் கித்துள் என்று எழுதி, எங்கள் மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுக்க உத்தேசம்.